ஸ்டேஷன் மேலே, ஊர் கீழே

அன்புள்ள செல்விக்கு,

வேல்ஸில் அந்தச் சின்ன ரயிலில் போய் அபர்கனோல்வின் ஸ்டேஷனில் இறங்கியதும் நீ கேட்டாயே, "ஊர் கீழே கிடக்கு, ஸ்டேஷனை எதுக்குப்பா மலையில கட்டி வச்சிருக்காங்க?" என்று. 35 வருஷம் ரயில்வேயில் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. கோவில்பட்டிக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்ததால் தேடிப் படித்தேன்.

விஷயம் இதுதான் பாப்பா, நாம் போன அந்த டாலிலின் ரயில் பாதையை ஊர்க்காரர்களுக்காகப் போடவே இல்லை. மேலே பிரின் எக்லுயிஸ் குவாரியில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கடலோரத்து டவினுக்குக் கொண்டுபோகத்தான் போட்டார்கள். போட்டவர்கள் மெக்கானல் குடும்பம், மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளிகள். அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை வந்து பருத்தி வரத்து நின்றதும் பணத்தைக் கல்லில் போட்டார்கள் (அதே சண்டையில்தான் நம்ம கரிசல் பருத்திக்கும் விலை ஏறியது). குவாரி மலைமேல் இருப்பதால் பாதையும் மலைச்சரிவோடவே போகிறது. ஊருக்கான சாமானைச் சரிவில் கயிறு கட்டி வண்டியோடு இறக்குவார்களாம். கீழே வீடுகளின் கொல்லைப்புறம் வரைக்கும் தண்டவாளம், நிலக்கரி வரும், கக்கூஸ் கழிவு போகும்!

அப்புறம், பெட்டியில் நீ தப்பான பக்கம் கதவைத் தேடினாயே, அதற்கும் காரணம் கிடைத்தது. தண்டவாளங்களுக்கு நடுவே அகலமே 686 மில்லிமீட்டர்தான், நம்ம பழைய மீட்டர் கேஜில் மூன்றில் இரண்டு பங்கு. 1866இல் பயணிகள் வண்டி விடுவதற்கு முன் சோதிக்க வந்த கேப்டன் டைலர் அளந்து பார்த்தால், பாலத்துக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி கூட இல்லை. பாலத்தையெல்லாம் இடித்துக் கட்டவா முடியும்? தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, இடைவெளி குறைந்த பக்கத்துக் கதவுகளை அடைத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஒரே பக்கம்தான் கதவு. எங்கள் பிரிவில் யாராவது இப்படிக் கட்டியிருந்தால் சார்ஜ் மெமோதான் வந்திருக்கும்.

1946இல் குவாரி சரிந்து மூடியது. உரிமையாளர் ஹெய்டன் ஜோன்ஸ் தான் இருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொல்லி, நஷ்டத்திலேயே ஓட்டி, 1950இல் போய்ச்சேர்ந்தார். மறுவருஷமே தன்னார்வலர்கள் எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள், உலகத்திலேயே முதல்முறையாக. நமக்கு டிக்கெட் பார்த்த பெரியவர் கூடச் சம்பளம் வாங்காதவராம், எனக்கு அப்போது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேன்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருந்தால், கீழே ஊருக்குள்ளும் நடந்து போய்ப் பார்த்துவிடுவோம்.

அப்பா