திலகவதியாரையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்ட ஒரு இளம் வாசகருக்கு உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற தேவார வரியைப் பதிலாகப் போட்டிருந்தீர்கள். நல்ல வரிதான், ஆனால் அதை மட்டும் கத்தரித்துக் கொடுத்தால், ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் பிள்ளைக்கு 'பேசாமல் வேலையைப் பார்' என்று சொன்ன மாதிரிதான் இருக்கும். அதற்கு முன்னால் 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்' என்று இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? என்னைத் தாங்குவது சிவன் பொறுப்பு என்ற தைரியம் வந்த பிறகுதான், இதைப் பாடிய அப்பர் (திருநாவுக்கரசர்) தன் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறார். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கடம்பூரில், நம்ம கடலூர் மாவட்டத்தில், பாடியது அது.

அந்தத் தைரியம் அவருக்குச் சும்மா வரவில்லை. சமண நூல்களை எல்லாம் கரைத்துக் குடித்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரிய இடத்தில் இருந்தவர் (சமணத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, தமிழுக்குச் சமணர்கள் செய்தது கொஞ்சமா?). சூலை நோய் வந்து குடலை முறுக்கியபோது படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்குப் போய் அக்கா திலகவதியார் காலில் விழுந்தார். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்ற முதல் பதிகம் தத்துவம் இல்லை, வயிற்று வலியில் துடிக்கிற மனுஷனின் கூப்பாடு. 'குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்' என்று வாய்விட்டுச் சொல்கிறார்.

நான் சொல்ல வந்தது அந்த அக்காவைப் பற்றி. பெரிய புராணத்தில் சேக்கிழார் அந்த இடத்தை எழுதியிருப்பதைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். அப்பா போனார், கூடவே அம்மாவும் போனார், கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போரில் இறந்த செய்தியும் வருகிறது. திலகவதியாரும் உயிரை விடத் துணிகிறார். சின்னப் பையனான தம்பி, பின்னாளில் அப்பர் ஆனவர், காலில் விழுந்து, நீங்களும் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன் என்று அழுகிறான். தம்பி இருக்க வேண்டுமே என்ற இரக்கத்தில் அந்தப் பெண் உயிரைத் தாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறார். அவருக்கு எந்த அர்த்தமும் அப்போது கிடைத்துவிடவில்லை, அழுகிற பிள்ளை ஒன்று எதிரில் இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் அந்தத் தம்பியும் சமணத்துக்கு விட்டுப் போன பிறகு, விடியும் முன்னே எழுந்து கோயிலைக் கூட்டி, சாணத்தால் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டே இருந்தார். பின்னாளில் அப்பர், கோயிலில் புல் செதுக்கும் உழவாரத்தைக் கையில் எடுத்தது இந்த அக்காவைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்கா ஒருவர், 2004 சுனாமியில் வீட்டுக்காரரையும் கொழுந்தனையும் பறிகொடுத்தவர். தேவாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த நாளை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைக்காமல் சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே, "கொழுந்தன் புள்ளைங்க ரெண்டும் என் முந்தானையைப் புடிச்சிக்கிட்டு பசிக்குதுன்னு நின்னுச்சும்மா, எதுக்கு இருக்கோம்னு யோசிக்க எங்க நேரம்" என்றார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியதை இவரிடம் நேரில் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அதனால்தான் கேட்கிறேன் ஐயா, தேவாரமும் பெரிய புராணமும் அடங்கிய திருமுறையைப் பொன்மொழியாக நறுக்கிப் போடாதீர்கள். என் அக்கா பையன் மாதிரி, நல்ல சம்பளம் வாங்கியும் "எல்லாம் எதுக்கு சித்தி" என்று கேட்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். தனி வரியைப் பார்த்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், இப்படி ஒரு அக்கா தம்பி கதை என்றால் கட்டாயம் நின்று படிப்பார்கள். சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை வருகிறது. அன்றைக்காவது திலகவதியார் வரும் பகுதியைப் பாட்டோடும் எளிய உரையோடும் முழுசாகப் போடுங்கள். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வீட்டில் இருக்கும் வயதானவர்களும் கண்ணாடி தேடாமல் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்