ரீயூனியனிலும் ரயில் ஓடியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான, நான் வசிக்கும் ரீயூனியன் தீவைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த பயணக் கட்டுரையைக் காரைக்காலில் இருக்கும் என் தங்கை படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். எரிமலை, அருவிகள், கடற்கரை, சேன் ஆந்திரே கோயில் கோபுரம் என்று படங்கள் அழகாக வந்திருந்தன. ஊரை நன்றாகத்தான் சுற்றியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். ஆனால் "இந்தத் தீவில் ரயில் கிடையாது, வாடகைக் கார்தான் ஒரே வழி" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள், அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இன்றைக்குக் கிடையாது, அது சரி. 1882 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்த ரயில் இங்கே எண்பது வருடம் ஓடியது. கிழக்கே சேன் பெனுவாவில் கிளம்பி, தலைநகர் சேன் தெனியைத் தொட்டு, மேற்குக் கரையோரமாகவே இறங்கித் தெற்கே சேன் பியேர் வரை 126 கிலோமீட்டர். நம் ஊர் மாதிரியே மீட்டர் கேஜ். ஆட்களை ஏற்றியது, சர்க்கரை மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. பிறகு லாரியும் பஸ்ஸும் வந்ததும் பாதையைத் துண்டு துண்டாக மூடி, கடைசித் துண்டையும் 1963-ல் நிறுத்திவிட்டார்கள். சின்ன வயதில் பேரளம் – காரைக்கால் வண்டியில் திருநள்ளாற்றுக்குப் போனவள் நான். 1898-ல் போட்ட அந்தப் பாதையையும் எண்பதுகளில் மூடினார்கள். ஆனால் இப்போது அங்கே அகலப்பாதையாகத் திரும்பத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இங்கே மூடியதோடு சரி.

ரயில் இருந்ததா இல்லையா என்ற தகராறுக்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த ரயிலைத் தேடிப் போயிருந்தால் உங்கள் கட்டுரையாளர் தானாகவே ஓர் இடத்தில் போய் நின்றிருப்பார். இந்தத் தீவுக்கு வருகிற தமிழர் யாராக இருந்தாலும் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்பு பார்க்க வேண்டிய இடம் அது. பெயர் கிராந்த் ஷலூப்.

சேன் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவில் மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அதன் அடிவாரத்தில் தண்டவாளம் போட இடமில்லை. அதனால் ரயிலுக்காகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான சுரங்கப் பாதைகளில் அதுவும் ஒன்று. அந்தக் குகைப் பயணத்தின் நடுவே மலை பிளந்து ஓர் ஓடை கடலுக்கு வருகிறது, வண்டி அங்கே வெளியே வந்து நிற்கும். ஓடை என்றதும் காரைக்கால் அரசலாற்றை நினைத்துக்கொள்ளக் கூடாது. மற்ற நாட்களில் வெறும் உருண்டைக் கல்லும் புதரும்தான். புயல் காலத்தில் அதே ஓடை பாறையையே உருட்டிக்கொண்டு வரும். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது இந்தத் தீவின் மலை உச்சியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, அது உலக சாதனை. அப்புறம் ஆற்றின் மேல் எந்தப் பாலம் நிற்கும்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சிறுவனாக அந்த வண்டியில் போனவர். சுரங்கம் வருவதற்கு முன்னால் ஆளுக்கு ஆள் கத்தி ஜன்னலை அடைக்கச் சொல்வார்களாம். அடைத்தும் புகை உள்ளே வரும். கோயிலுக்கென்று வெள்ளைச் சட்டை போட்டுப் போனவர்கள் மறு பக்கம் இறங்கும்போது காலர் கறுத்திருக்கும். அவருக்குத் தமிழ் பேச வராது, பேசுவதெல்லாம் இந்தத் தீவின் கிரியோல் மொழிதான். அம்மன் பாட்டு மட்டும் முதலிலிருந்து கடைசி வரை தடங்கலில்லாமல் பாடுவார். அவருடைய கொள்ளுத் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தத் தாத்தாவும் கிராந்த் ஷலூப்பில்தான் இறங்கினார், ஆனால் ரயிலில் வந்து அல்ல.

இங்கே அடிமை முறையை 1848 டிசம்பர் 20-ஆம் தேதி ஒழித்தார்கள். அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலையானார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் எழுதிக் கூட்டி வர ஆரம்பித்தார்கள். 1860, 61 வருடங்களில் பிரிட்டிஷ் அரசோடு உடன்படிக்கை ஆனதும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஊர்களிலிருந்தும் ஆள் எடுக்கலாம் என்றாயிற்று. மொத்தத்தில் இப்படி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் லட்சத்தைத் தாண்டும். அந்த உடன்படிக்கைக்குக் கொஞ்சம் முன்பு, 1859-ல், கப்பல் வழியாக வந்த காலரா தீவையே உலுக்கிவிட்டிருந்தது. அதனால் கப்பலில் வந்தவர்களை நேரே ஊருக்குள் விடாமல் முதலில் அடைத்துவைக்க ஒதுக்குப்புறமான இடமாகத் தேடினார்கள். இரு பக்கமும் மலை, முன்னால் கடல், ஓடி ஊருக்குள் போக முடியாது என்று கிராந்த் ஷலூப்பைப் பிடித்தார்கள். லாசரே என்று பெயர். நீளநீளமான கல் கூடங்கள், சுற்றிலும் மதில். நோய் இல்லை என்று தெரிகிற வரை அதற்குள்தான் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் தோட்டத்துக்காரன் கையில் ஐந்து வருட ஒப்பந்தம். வெளியே வராமலே போனவர்களும் உண்டு, பக்கத்திலேயே இடுகாடு இருக்கிறது. காரைக்காலில் சலங்குப் படகு ஏறிக் கப்பலுக்குப் போனவர்கள் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தது இங்கேதான். நான் காரைக்காலில் படித்த பன்னிரண்டு வருடத்தில் இதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி சொல்லித்தரவில்லை.

இங்கு வருகிற உறவுக்காரர்கள் பலர் ஸ்டேஷன் முன்னால் நின்று படம் எடுத்து, "நம் முன்னோர் ரயிலில் வந்து இறங்கிய இடம்" என்று ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். அது தப்பு. ரயில் வந்ததும் 1882, பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் அதே 1882. தமிழர்களுடைய கப்பல் காலம் முடியும்போதுதான் ஸ்டேஷனே வருகிறது. வந்தவர்கள் மதிலுக்குள் இருந்தபோது அங்கே கடல் சத்தம்தான் உண்டு, ரயில் சத்தம் கிடையாது. ரயிலில் ஏறியவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். லாசரே அதற்குப் பிறகும் மற்றத் தேசத்து ஆட்களுக்காகப் பல வருடம் நடந்தது.

இப்போது அங்கே ஸ்டேஷன் கட்டடம், கொஞ்சம் தண்டவாளம், ஒரு பழைய நீராவி எஞ்சின், இதெல்லாம் மிச்சம் இருக்கிறது. லாசரேயின் கூடங்களில் ஒரு பகுதியைச் செப்பனிட்டு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பற்றிக் கண்காட்சியும் வைத்திருக்கிறார்கள். நன்றாகவே செய்திருக்கிறார்கள், அரசாங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஓடைக்கு மேலே இரண்டாவது லாசரே ஒன்று இருக்கிறது, அது இடிந்து கிடக்கிறது.

ஆனால் அங்கே நின்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? ரயிலை நிறுத்திய அதே 1963-ல் மலைக்கும் கடலுக்கும் இடையில் கார் ரோடு திறந்தார்கள். மலையிலிருந்து கல் விழுந்துகொண்டே இருக்கும். 2006 மார்ச்சில் மலைச் சரிவு ரோட்டிலேயே விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு மாற்றாகக் கடலுக்குள் தூண் நட்டு 5.4 கிலோமீட்டர் பாலம் கட்டி 2022-ல் திறந்தார்கள். பாலம் நல்லதுதான், நானே தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். அதில் போகிறவர்களுக்கு கிராந்த் ஷலூப் என்பது பாலம் முடிகிற இடம், அவ்வளவே. சுற்றுலா வேன்களும் நிற்பதில்லை. பக்கத்துத் தீவு மொரீசியஸில் இதே போன்ற இறங்குதுறையான ஆப்ரவாசி காட் 2006-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, நம் ஊர்ப் பத்திரிகைகளும் அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டன. இதைப் பற்றி எழுத ஆள் இல்லை.

எனக்கு இரண்டு கோரிக்கைகள். அந்த ரயில் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கிராந்த் ஷலூப்புக்கு என்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காரைக்கால், மயிலாடுதுறை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் "எங்கள் தாத்தாவின் அண்ணன் புர்போனுக்குப் போனாராம், திரும்பவே இல்லையாம்" என்று சொல்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. புர்போன் என்பது இந்தத் தீவின் பழைய பெயர். வந்தவர்களின் பதிவேடுகள் சேன் தெனி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்பதையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துப் போட்டால் அவர்களுக்கு உதவும்.

கட்டுரையாளர் மறுபடி வந்தால் நானே அழைத்துப் போகிறேன். காரில் வேண்டாம். ரயிலுக்கும் ரோட்டுக்கும் முந்திய, கருங்கல் பாவிய மலைப் பாதை ஒன்று லா பொசெசியோனிலிருந்து போகிறது. 1810 ஜூலையில் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படை கிராந்த் ஷலூப்பில் இறங்கியதால் ஆங்கிலேயர் பாதை என்றே இங்கே பெயர். மேலே ஏறினால் ஒரு திருப்பத்தில் ஸ்டேஷனும் லாசரேயும் ஓடையும் ஒரே பார்வையில் கீழே தெரியும், படம் எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நிழல் இல்லாத பாதை, காலை ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும். தண்ணீரும் புளியோதரையும் நான் கொண்டுவருகிறேன். அவரை ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், தேய்ந்துபோன அந்தக் கல்லில் செருப்பு நிற்காது.

இப்படிக்கு,
காரைக்காலில் பிறந்து சேன் தெனியில் வசிக்கும் வாசகி
ரீயூனியன்