1950-ஐ மறந்த கட்டுரை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், புதிய லீக்கில் நுழையும் அணி முதல் பருவத்தில் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்ளும் என்று உங்கள் கட்டுரையாளர் விதியே வகுத்துவிட்டார். அதற்கு அமெரிக்கக் கால்பந்தைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு 1950-ஐ மறந்தவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து என்றால் நமக்குத் தியாகராஜர் ஆராதனை. அந்த ஊர்க்காரர்களுக்கோ பிரௌன்ஸ் என்ற கால்பந்து அணி. 1946 முதல் 1949 வரை நடந்த 'ஆல் அமெரிக்கா' லீக்கில் நான்கு ஆண்டும் பட்டம் வென்ற அணி அது. 1948-இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஒரே அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? கூட்டம் குறைந்தது, லீக்கும் மூடப்பட்டது. பிரௌன்ஸ் உட்பட மூன்று அணிகளை மட்டும் பழைய லீக்கான என்.எஃப்.எல். சேர்த்துக்கொண்டது.

சேர்த்துக்கொண்டதே தவிர, மதிக்கவில்லை. முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்றிருந்த பிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன், அவர்கள் ஊரிலேயே பிரௌன்ஸின் முதல் ஆட்டத்தை வைத்தார் லீக் ஆணையர் பெர்ட் பெல். செப்டம்பர் 16, சனிக்கிழமை இரவு. 71,237 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் புதுப்பையனுக்கு விழப்போகும் உதையைப் பார்க்க வந்தவர்கள் என்றே நினைக்கிறேன். தொடக்கத்திலேயே பிரௌன்ஸ் பந்தை எடுத்துக்கொண்டு எல்லைவரை ஓடிவிட, விதிமீறல் என்று நடுவர்கள் அதை ரத்து செய்தார்கள். அதற்கும் சேர்த்து வட்டியோடு வசூலித்தார் பிரௌன்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஓட்டோ கிரஹாம். பந்தெறிந்தே 346 யார்டு, மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது). பிரௌன்ஸுக்கு 35-10 என்று முடிந்தது. ஈகிள்ஸின் நட்சத்திரம் ஸ்டீவ் வான் பியூரன் காயத்தால் அன்று ஆடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

தோற்ற பயிற்சியாளர் க்ரீஸி நீல் சும்மா இருந்திருக்கலாம். எப்போதும் பந்தை எறிந்துகொண்டே இருக்கிறார்களே, பிரௌன்ஸின் பயிற்சியாளர் பால் பிரௌன் கூடைப்பந்துக்குப் போயிருக்கலாம் என்கிற பொருளில் ஏதோ சொல்லிவைத்தார். டிசம்பர் 3-ஆம் தேதி இரு அணிகளும் கிளீவ்லாந்தில் மறுபடி மோதின. பிரௌன்ஸ் 13-7 என்று ஜெயித்தது. ஆட்டக் கணக்கைப் பாருங்கள்: அவர்கள் எறிந்த பாஸ் பூஜ்யம்! இப்படி வன்மத்தைக்கூட ஒழுங்காக ஏட்டில் பதிந்துவைக்கிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

ஆனாலும் அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்கவே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். நியூயார்க் ஜயன்ட்ஸிடம் இரண்டு முறை தோற்றார்கள். முதல் தோல்வி 6-0. தங்கள் வரலாற்றிலேயே முதல் தடவையாக அன்றுதான் ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பினார்கள். குடையை விரித்தாற்போல் பின்வரிசை ஆட்டக்காரர்களைப் பரப்பி நிறுத்தி, கிரஹாமுக்கு எறிய இடமில்லாமல் செய்தார் ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன். இரு அணிகளும் பன்னிரண்டில் பத்து வென்று சமநிலையில் நின்றதால் கூடுதலாக ஓர் ஆட்டம் வைக்க வேண்டியதாயிற்று. பிரௌன்ஸ் 8-3. அந்த ஆட்டத்தில் எல்லையை நோக்கித் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஜயன்ட்ஸ் வீரரைப் பின்னாலேயே துரத்திப்போய் எல்லைக்கு நான்கு யார்டு முன்னால் சாய்த்தவர் பிரௌன்ஸின் பில் வில்லிஸ்.

இந்த வில்லிஸையும் மரியன் மோட்லியையும் பற்றித்தான் உங்கள் கட்டுரையாளர் முதலில் எழுதியிருக்க வேண்டும். 1934 முதல் 1945 வரை கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட இடம் தராத லீக் என்.எஃப்.எல். பால் பிரௌனோ 1946-லேயே கறுப்பின வீரர்களான இவ்விருவரையும் சேர்த்துக்கொண்டார். பேஸ்பாலின் மேஜர் லீக்கில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் அங்கே களமிறங்கியதற்கு ஓராண்டு முன்பு. 1950-இல் லீக்கிலேயே அதிக தூரம், 810 யார்டு, பந்தோடு ஓடியவர் மோட்லி. வீரர்களை வகுப்பில் உட்காரவைத்து, படச்சுருள் போட்டுக் காட்டி, தேர்வும் வைத்தவர் பிரௌன். அத்தனையையும் நான்கு ஆண்டு செய்து பார்த்துவிட்டுத்தான் புது வாசலை மிதித்தார்கள்.

டிசம்பர் 24 அன்று இறுதி ஆட்டம். எதிரணி லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ். 1945-இல் கிளீவ்லாந்து அணியாகப் பட்டம் வென்ற கையோடு ஊரை விட்டுப் போனவர்கள் அவர்கள். விட்டுப்போன ஊருக்கே விருந்தாளியாக வந்து, முதல் முயற்சியிலேயே 82 யார்டு டச் டவுன் போட்டார்கள். கடைசிக் கால்பகுதியில் ராம்ஸ் 28-20 என்று முன்னிலை. அங்கிருந்து 28-27 வரை துரத்தி வந்து, 28 விநாடி மிச்சமிருக்கையில் லூ க்ரோஸா கம்பங்களுக்கிடையே உதைத்த ஃபீல்டு கோலால் பிரௌன்ஸ் 30-28 என்று வென்றது. கிறிஸ்துமஸ் முந்தைய நாள் குளிரில் அதை நேரில் பார்த்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் குறைவு.

கட்டுரையாளரின் விதிக்குச் சாட்சியே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அதே ஆண்டு கூடவே நுழைந்த சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 1949-இல் ஒன்பது வென்று மூன்றில் தோற்றது. 1950-இல் மூன்று வென்று ஒன்பதில் தோற்றது. அவர் வாதத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! பால்டிமோர் கோல்ட்ஸோ பழைய லீக்கிலும் பன்னிரண்டில் ஒன்று, புதிய லீக்கிலும் பன்னிரண்டில் ஒன்று; அடுத்த பருவத்தைப் பார்க்காமலேயே கலைந்துபோனது. ஒரே நாளில் ஒரே வாசலால் நுழைந்த மூன்று அணிகளுக்கு மூன்று விதமாக நடந்திருக்கிறது. இதில் எதை விதி என்கிறார் என்று அவரைக் கேட்டு அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்