ஓதம் நம் நேரத்துக்கு வருமா?

ஆசிரியருக்கு,

கடல் ஓதத்தில், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதில், மின்சாரம் எடுத்தால் தட்டுப்பாடே வராது என்று சிலர் சொல்கிறார்கள். ஓத நீரை அணையில் தேக்கி மின்சாரம் எடுக்கும் பிரான்சின் லா ரான்ஸ் நிலையம் (240 மெகாவாட்) 1966 முதல் இயங்குகிறது. சரி, ஓதம் எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். காற்றில் அந்த வசதி இல்லை. ஆனால் ஓதம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நாம் விளக்கும் மின்விசிறியும் போடும் மாலை நேரமோ மாறுவதில்லை! அப்புறம், சென்னைக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான். அதை நம்பி அணை கட்ட முடியாது.

நமக்குத் தேவை சேமிப்பு. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் காடம்பாறையில் இருக்கிறது. காற்றாலைகள் நிறைந்த மாநிலத்துக்கு இது போதாது. இதுபோன்ற திட்டங்களை அரசு விரைவுபடுத்த வேண்டும்.

– ஒரு வாசகர், கோவை