வள்ளிக்கு, காரைக்குடியிலிருந்து

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்தது. சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். இனி உனக்கு உட்கார நேரம் ஏது! இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்கு முழங்கால் வலிதான் மழைக்காலம் வந்தால் கூடிவிடுகிறது. நம்மூர் 2024-இல் மாநகராட்சி ஆனது உனக்குத் தெரிந்திருக்கும். கொப்புடையம்மன் கோயில் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. மற்றபடி எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வேலையை விட்டாயிற்று, கைக்குழந்தை இருக்கிறது, என்னைப் போலப் பலகாரம் போட்டு விற்றால் என்ன என்று கேட்டிருக்கிறாய். செட்டிநாட்டுப் பலகாரம் என்றால் சென்னையில் கேட்டு வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் இப்போதைக்கு உனக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். லாபம் இல்லை என்று சொல்லவில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது உன்னால் எழுந்து போக முடியாது, அதுதான் காரணம்.

பிள்ளை சின்னதாக இருக்கிறவரை, ஒரு வேலையை நடுவில் அப்படியே வைத்துவிட்டு எழ முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வருமானம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். வீட்டில் இருப்பவளுக்கு மொத்தமாகப் பார்த்தால் நேரம் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

சீப்புச் சீடையையே எடுத்துக்கொள். மாவைப் பிசைந்து, வரி விழ அச்சில் பிழிந்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலில் சுற்றி, ஓரத்தை அழுத்தி ஒட்ட வேண்டும். ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் எண்ணெயில் பிரிந்துகொண்டு எண்ணெயைக் குடித்துவிடும். இந்தச் சுற்றுகிற வேலையை என் மகன் பக்கத்தில் விளையாடும்போதே செய்யலாம். அவன் அழுதால் மாவின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பொரிப்பதை மட்டும் அவன் அங்கன்வாடிக்குப் போன பிறகு, அடுத்த வீட்டு ஆச்சியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். மனகோலமும் தேன்குழலும் அப்படி இரண்டாகப் பிரித்துச் செய்கிற வேலை இல்லை. பிழிந்தால் நேரே சட்டிக்குத்தான் போக வேண்டும். அதனால் அவை என்னிடம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே கொட்டான், அதுதான் ஓலைக்கூடை, பின்னுகிற பெண்களைப் பார்த்தாலும் இது விளங்கும். பனையோலையை நனைத்து வைத்துக்கொண்டு பின்னுகிறார்கள். பாதிக் கொட்டானைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கல்யாண வீடுகளில் தாம்பூலம் வைத்துக் கொடுக்க மொத்தமாகக் கேட்கிறார்கள்.

உனக்குக் கணக்கு கையில் இருக்கிறதே வள்ளி, அதை ஏன் மூலையில் போடுகிறாய்? கல்லூரியில் எங்கள் எல்லோருக்கும் பேரேடு ஒத்துவராமல் இருந்தபோது உனக்கு மட்டும்தான் முதல் தடவையிலேயே இருபக்கமும் சரியாக வந்து நிற்கும். உங்கள் பல்லாவரத்தில் எத்தனை மளிகைக் கடை, எத்தனை ஹார்டுவேர் கடை! ஒவ்வொருவருக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு எழுத ஆள் வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்கள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டுகிற 3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். வருட வியாபாரம் 5 கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாக்கல் செய்கிற முறையை எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் எந்த வாரம் நெருக்கும், எந்த வாரம் ஓயும் என்பது உனக்கு முன்கூட்டியே தெரியும். டேலி என்கிற கணக்கு மென்பொருளில் பாதி பில்லை ஏற்றிவிட்டு எழுந்தால் அது எங்கேயும் ஓடிவிடாது. ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொள். கடைசித் தேதியை உன் கடைசித் தேதியாக வைக்காதே. பிள்ளைக்குக் காய்ச்சல் 19-ஆம் தேதி பார்த்துத்தான் வரும். தாமதத்துக்கு நாள் கணக்கில் கட்டணம் போடுவார்கள். கடைக்காரர் உன்னைத்தான் கேட்பார்.

முதலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டுப் பார். பில் ஏற்றுகிற வேலையை வெளியே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கூலி குறைவாக இருந்தாலும் கை பழகும்.

கூலி என்றதும் இன்னொன்று. இங்கே பலகாரம் போடுகிற பெண்களில் பாதிப் பேர் அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து விலை சொல்கிறார்கள். காலையிலிருந்து நின்ற காலுக்கு ஒரு பைசா வைப்பதில்லை. உதவிக்கு ஆள் கூப்பிட்டால் கொடுக்கிற கூலியைத் தங்களுக்கு எழுதிக்கொள்ள மட்டும் மனசு வராது. நீ மாதத்துக்கு இவ்வளவு என்று பேசும் முன்னால் அந்தக் கடைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதிப் பார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது கொடுக்கிற பணமும் அந்தச் செலவில்தான் சேர வேண்டும்.

நம் வளவு வீடுகளில், அந்தப் பெரிய கூட்டுக்குடும்ப வீடுகளில், கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் வேறு வைப்பார்களே, நினைவிருக்கிறதா? ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனி வரவு செலவு. புதுப்பெண் தன் பங்குக்கு வந்த அரிசி பருப்பை வைத்துச் சிட்டை எழுதிக் குடித்தனம் நடத்த வேண்டும். அந்த ஏற்பாட்டில் ஆயிரம் குறை சொல்லலாம், எங்கள் அப்பத்தா சொல்லாத குறையா! ஆனால் பெண்ணின் கணக்கு தனிக் கணக்கு என்பதை மட்டும் சரியாகச் செய்தார்கள். நீயும் இந்த வருமானத்துக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிவிடு. வீட்டுச் செலவில் கலந்தால் என்ன வந்தது, எங்கே போனது என்றே தெரியாது.

கைபேசியில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம், டைப் செய்தால் பணம், அதற்கு முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே. எங்கள் தெருவில் ஒரு பெண், இரண்டு பிள்ளைக்காரி, முதலில் சின்னத் தொகை கைக்கு வந்ததை நம்பிப் பெரிய தொகையாகக் கட்டினாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே சொல்லவில்லை. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே கூப்பிட்டிருந்தால் பணத்தை முடக்கி வைக்கவாவது முயன்றிருப்பார்கள். வேலை கொடுக்கிறவன் உன்னிடம் பணம் கேட்டால் அவன் வேலை கொடுக்கிறவன் இல்லை.

பிள்ளை வளர்ந்த பிறகும் பலகார ஆசை போகாவிட்டால் அப்போது எழுது, கைப்பக்குவம் சொல்லித் தருகிறேன். ஆனால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பொட்டலம்கூட விற்காதே. நான் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான். 14 இலக்க எண் தருவார்கள், அதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்பதானால் வியாபாரம் எவ்வளவு சின்னதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு கேட்கும். அதற்காகவே நான் பெங்களூர்க்காரர்களுக்கு அனுப்புவதில்லை. இதை உனக்கே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் பார்!

உன் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதவில்லையே? ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்ற பேச்சு உனக்கும் வந்திருக்கும். இங்கே மத்தியானத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள், காபி போடாமல் அனுப்ப முடியாது. இப்போது முகப்புக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன். ஒன்றிரண்டு பேருக்கு வருத்தம்தான். மாமியார் என் பக்கம் நிற்பதால் சமாளிக்கிறேன்.

அடுத்த வாரம் என் நாத்தனார் பல்லவன் ரயிலில் சென்னை வருகிறாள். மாவுருண்டையும் சீப்புச் சீடையும் கொடுத்துவிடுகிறேன். எழும்பூரில் யார் வந்து வாங்கிக்கொள்வார்கள், அவர்கள் எண் என்ன என்று வாட்ஸ்அப்பில் அனுப்பு. டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மறக்காதே, அது மாமியாருடையது.

அன்புடன்,
சிகப்பி