மண்டை ஓட்டுச் சின்னம்

அன்பு நண்பா,

உன் கடிதம் ஆவடி வீட்டுக்கு வந்து கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதைப் போட்டோ எடுத்து அனுப்ப, இங்கே நாட்டிங்ஹாமில் மகன் வீட்டில் உட்கார்ந்து நேற்றுத்தான் படித்தேன். பேரனுக்கு வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்ததா என்று நீ எழுதவே இல்லையே?

போன ஞாயிற்றுக்கிழமை மகன் என்னை தோர்ஸ்பி பார்க் என்ற இடத்துக்கு அழைத்துப் போனான். அங்கே குதிரைப்படை மியூசியம் ஒன்று இருக்கிறது. ஆவடியில் ராணுவ டேங்க் செய்யும் வேலையில் தலை நரைத்தவன் என்பதால் கூட்டிப் போயிருக்கிறான். போனதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

நான் சொல்ல வந்தது 17/21 லான்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் ரெஜிமென்ட். லான்சர்ஸ் என்றால் ஈட்டி ஏந்திய குதிரைப்படை; 17-ஆம் படை, 21-ஆம் படை என்று தனித்தனியாக இருந்த இரண்டும் பிறகு ஒன்றானதால் அந்தப் பெயர். இன்று அந்தப் பெயரில் படை கிடையாது. அவர்களுடைய தொப்பிச் சின்னம் ஒரு மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே ‘அல்லது புகழ்’ என்று இரண்டே சொல். முதல் சொல்லான ‘மரணம்’ எழுத்தில் இல்லை, அதை மண்டை ஓடே சொல்லிவிடுகிறது. 1759-இல் கனடாவில் நடந்த கியூபெக் போரில் உல்ஃப் என்ற தளபதி ஜெயித்த அன்றே செத்துப் போனார். அந்தச் செய்தியை லண்டனுக்குக் கொண்டுபோன ஜான் ஹேல் என்ற அதிகாரிதான் 17-ஆம் படையைத் திரட்டியவர். தன் தளபதி நினைவாக இந்தச் சின்னத்தை வைத்தார். துக்கத்துக்கு வைத்த அடையாளம் அது. மிரட்டுவதற்கு வைத்தது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

பாலக்லாவா தெரியுமல்லவா? 1854 அக்டோபர் 25, கிரிமியப் போர். உத்தரவைத் தப்பாகப் புரிந்துகொண்டு, 670 பேர் அளவில் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராகக் குதிரையை விட்டார்கள். அதில் 17-ஆம் லான்சர்ஸும் இருந்தது. அந்தப் படையின் பெரிமன் என்ற சார்ஜென்ட், காலில் குண்டு பட்டுக் கிடந்த தன் கேப்டனை விட்டுப் போக மறுத்து, ஃபேரல் என்ற இன்னொரு சார்ஜென்ட்டோடு சேர்ந்து குண்டு மழைக்கு நடுவே தூக்கி வந்திருக்கிறார். இருவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது, பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அது.

அப்புறம் நடந்ததுதான் என் மனசை அறுக்கிறது. முப்பத்தாறு வருஷம் கழித்து, 1890-இல், அந்தப் பாய்ச்சலில் பிழைத்தவர்களில் பலர் சோற்றுக்கே வழியில்லாமல் இருக்கிறார்கள் என்று தெரிய வந்து நாடே வெட்கப்பட்டது. அவர்களுக்காக ஒரு நிதி திரட்டினார்கள். அதற்கு உதவியாக எடிசனின் மெழுகு உருளையில் குரல்களைப் பதிவு செய்தார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பேசினார். 17-ஆம் லான்சர்ஸில் எக்காளம் ஊதிய லான்ஃப்ரைட் என்பவர் தாக்குதல் அழைப்பை மறுபடி ஊதிக் காட்டினார். வாட்டர்லூ போரில் ஒலித்த எக்காளம் ஒன்றைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார்களாம். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. ராத்திரி மகன் போனில் போட்டுக் காட்டினான். ஒரே கரகரப்பு, மழை பெய்கிற மாதிரி. அதற்குள்ளிருந்து அந்த ஊதல் வருகிறது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

எல்லாவற்றையும் புகழ்ந்து எழுத மனசு வரவில்லை. இதே 17-ஆம் படைதான் 1858-இல் மத்திய இந்தியாவில் 1857 எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான தாத்யா தோபேயைத் துரத்தியது. 21-ஆம் படையின் வேர், கிழக்கிந்தியக் கம்பெனி அதே வருஷம் இங்கே திரட்டிய ஐரோப்பியர் குதிரைப்படை. நம் சிப்பாய்கள் எழுந்து நின்றதால் பிறந்த படை அது. 1898-இல் சூடானில் ஓம்துர்மானில் அவர்கள் ஈட்டியோடு பாய்ந்தபோது இளம் சர்ச்சிலும் கூடப் போனார். மூன்று விக்டோரியா கிராஸ் வாங்கினார்கள். அன்று அந்த மைதானத்தில் செத்த சூடானியர் பத்தாயிரத்துக்கும் மேல். அந்தக் கணக்கையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

1922-இல் இரண்டு படையையும் ஒன்றாக்கினார்கள். 1938-இல் குதிரை போய் இயந்திர வண்டி வந்தது. 1943 ஏப்ரலில் துனிசியாவின் ஃபொண்டூக் கணவாயில், கண்ணிவெடி வயலுக்குள் ஷெர்மன் டேங்குகளை ஓட்டிப் போகச் சொல்லி உத்தரவு. முன்னால் டேங்க் எதிர்ப்புப் பீரங்கிகள். நிறைய டேங்க் எரிந்து போனது. பாலக்லாவா மறுபடியும் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

பிற்பாடு அவர்கள் ஓட்டிய சீஃப்டன் டேங்கின் எஞ்சின் என்ன தெரியுமா? நம் எல்-60! ஆவடியில் விஜயந்தா டேங்குக்கு நாம் மாட்டிய அதே ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், எதிரும் புதிருமாக ஓடுவது. அந்தச் சத்தம் உனக்குக் காதில் கேட்கிறதா?

பனிப்போர் முடிந்ததும் செலவைக் குறைக்க 1993-இல் 16/5 லான்சர்ஸோடு சேர்த்துவிட்டார்கள். 2015-இல் அதையும் இன்னொன்றோடு சேர்த்து ராயல் லான்சர்ஸ் ஆக்கினார்கள். இரண்டு முறையும் எண்கள் போயின. ஆனால் புதிய படையின் தொப்பியிலும் அதே மண்டை ஓடுதான் இருக்கிறது. அதைச் சுமந்தவர்களின் மேல் யாரோ பிடிவாதமாகப் பாசம் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

சரி, ஒரு வேலை செய். நம் ஷாப்பில் விஜயந்தா பக்கத்தில் நின்று எடுத்த குரூப் போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? பின்பக்கத்தில் வரிசையாக எல்லார் பெயரும் எழுதி வை. இரண்டாம் வரிசையில் இடது ஓரத்தில் நிற்கிற வெல்டர் பெயர் எனக்கு மறந்துவிட்டது. உனக்கு நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஷிஃப்ட் தோழன்