ஆடாதோடை வேலியை விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிசி ஆலையில் 22 வருஷம் தவிட்டுத் தூசியில் நின்றவர் என் வீட்டுக்காரர். மார்கழி பிறந்தால் ராத்திரியெல்லாம் இழுப்பு. சித்த மருத்துவர் சொன்னபடி ஆடாதோடை இலையைக் கிள்ளி, நடுநரம்பை உரித்து, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்கிறேன். தேன் விட்டால்தான் அந்தக் கசப்பு இறங்கும். சளி இளகிவிடுகிறது. இதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தையே உருவாக்கினார்கள். பத்து மணி வெயிலில் திண்ணையில் உட்காரவும் வைக்கிறேன். தோல் வைட்டமின் டி தயாரிக்க வெயில் வேண்டும். இன்ஹேலரை நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தாதீர்கள்.

ஆடுகூடத் தொடாத இந்தச் செடிதான் எங்கள் வாய்க்கால் கரைக்கு வேலி. போன மாதம் கரைக்குச் சிமெண்ட் பூச வந்தவர்கள் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். மறுபடி போத்து ஊன்ற இரண்டடி மண்ணாவது விடச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, நீடாமங்கலம் வட்டம்